கண்ணாடிக்குத் தண்ணீர் வராத காரில் நூரளைக்கு

இலங்கைக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அண்ணனைக் கூட்டி வரப் போனேன். அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்த மறுநாள் அம்மா சொன்னாள்: "அவன் பங்கு நெலம் அப்படியே கெடக்கு. மழையிலயும் குளிர்லயும் ஊரான் தோட்டத்துல மண்ணு வெட்டணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்தா? நீ போயி கையோட கூட்டிட்டு வா."

அண்ணன் வீராசாமி மீசை அரும்பிய வயதில் அத்தை குடும்பத்தோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வந்ததில்லை. அப்பா இறந்ததற்கும் வரவில்லை. அம்மாவுக்கு அதில் தீராத மனத்தாங்கல். நான் திருச்சியில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் மேஸ்திரி. லீவு கேட்டு வாங்கிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறினேன்.

மலை ஏறுகிற ரயிலில் எதிரே ஒரு சிங்களப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மதியம் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சோறு, பலாக்காய்க் கறி, சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல். பாதியை இலையோடு கிழித்து என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினார். பதிலுக்கு நான் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "ஒங்க ஊர்ல மழையே இல்லியான்னு கேக்கிறாரு. இங்க எந்தப் பலகாரமும் இப்படி மொறுமொறுன்னு நிக்காதாம்." எங்கள் ஊரில் மழை பொய்த்து வெகுநாளாகிறது என்று சொல்லச் சொன்னேன். பெரியவர் ஜன்னலுக்கு வெளியே நசநசவென்று பெய்துகொண்டிருந்த தூறலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

தலவாக்கலையில் இறங்கிப் பூண்டுலோயா பஸ்ஸில் ஏறினேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் மலைப்பாதைக்கு ஆள் போடும்போது நிதானமானவனைத்தான் போடுவோம். இங்கே எல்லாப் பாதையும் மலைப்பாதை. ஓரிடத்தில் மேட்டுப்பக்கத்து மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பின்சீட்டுக்காரர் எனக்குச் சொன்னார்: "இன்னொரு மழை புடிச்சா ரோடு ஆத்துக்குள்ளதான்னு பேசிக்கிறாங்க." நாங்கள் தாண்டிவிட்டோம். மறுநாள் விடிகாலையில் அந்த ரோடு அப்படியே ஆற்றுக்குள் போனது. பஸ் போக்குவரத்து நின்றுவிட்டது.

பூண்டுலோயா கடைத்தெருவில் நான் ஓர் இளைஞனைத் தேடிக்கொண்டு நின்றேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். அப்பாவின் முகம், அப்பாவின் கூன். "என்ன தம்பி, அடையாளம் தெரியலியா?" என்றார்.

அண்ணன் குடியிருந்த லயம் மேலே, செங்குத்தான படிகளின் முடிவில் இருந்தது. ஒரே நீளக் கட்டடம். அதில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் ஒட்டு என்று ஒரு சின்னத் திண்ணை. புகை அறைக்குள்ளேயே சுற்றியது. மதினி லெட்சுமி தடித்த ரொட்டியும், மிளகாயும் மாசிக் கருவாடும் வைத்து அரைத்த சம்பலும் கொடுத்தார். காரம் காதுவரை ஏறியது. பிறகு பால் இல்லாத தேநீர், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற மலையில் தேநீர் கறுத்துக் கசந்தது. "நல்ல தூளு கப்பலுக்குப் போயிரும் தம்பி. கழிச்சதுதான் நமக்கு" என்றார் மதினி.

மறுநாள் ஞாயிறு. பிள்ளைகள் வெளியே போயிருந்த சமயம் பார்த்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை எனக்கு நூரளையில விசாரணை தம்பி" என்றார். நுவரெலியாவை இங்கே எல்லாரும் நூரளை என்கிறார்கள். "இந்த நாட்டுப் பிரஜையாப் பதியச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கேன். எத்தனையோ வருசம் கழிச்சு இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. குடும்பத்தோட போயி நிக்கணும். போகலன்னா அத்தோட முடிஞ்சுது."

"அப்பா செத்ததுக்கு நீங்க வராததும்..."

"நாட்டை விட்டு வெளிய போனியான்னு விசாரணையில கேப்பாங்க, போயிறாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் போகல. இந்த மலைமேல உக்காந்து மொட்டை அடிச்சுக்கிட்டேன்."

"பதிஞ்சிட்டா?"

"பதிஞ்சிட்டா நான் இங்கத்து ஆளு."

"நம்ம ஊரு?"

"விசாரணை முடியட்டும், பேசுவோம்" என்று எழுந்து போய்விட்டார்.

நுவரெலியாவுக்குப் போக வழக்கமான பாதை தலவாக்கலை வழிதான். அது ஆற்றோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது தவலந்தன்னை போய் இறம்பொடை மலையேறும் பாதை. அதில் அந்த வாரம் பஸ் கிடையாது. கடைத்தெருவில் வாடகைக்குப் போகிற கார் இரண்டு. ஒன்று கல்யாணத்துக்காகக் கண்டி போயிருந்தது. மற்றது ஹமீது நானாவுடையது.

ஹமீது நானா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கன்னத்தில் நரைத்த தாடி. கார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. துரை சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போனாராம். பழசு, ஆனால் இன்ஜின் நன்றாக இருந்தது. நான் திருச்சிப் பட்டறைக்காரன் என்று தெரிந்ததும் நானா பானட்டைத் திறந்து காட்டினார். பக்கவாட்டில் கம்பி வளையத்துக்குள் ஒரு கண்ணாடிப் போத்தல், நிறையப் பாசி பிடித்த தண்ணீர். அதிலிருந்து ரப்பர் குழாய் டேஷ்போர்டுக்குப் போயிற்று.

"அது துரை பூட்டின சாமான். குமிழ இழுத்தா முன்கண்ணாடிக்குத் தண்ணி பீச்சும். நான் வாங்கின நாள்ல இருந்து பீச்சினதே இல்ல. மழை பெய்ற ஊர்ல கண்ணாடி கழுவ வேற தண்ணி எதுக்கு?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பஸ்களில் அப்படி ஒரு சாமான் கிடையாது. தண்ணீரும் கந்தல் துணியும்தான்.

திங்கட்கிழமை அந்த எண்ணம் மாறியது. கண்டியிலிருந்து வரும் சரக்கை எடுக்க நானா தவலந்தன்னைக்குப் போனார். பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போனேன். மழை என்று சொல்ல முடியாத தூறல், மூடுபனி. பாதையில் சரிந்த மண்ணை அள்ளிப் போகும் லாரிகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் டயர்கள் வாரியடித்த செம்மண் குழம்பு எங்கள் கண்ணாடியில் வந்து அப்பியது. நானா வைப்பரைப் போட்டார். கண்ணாடி முழுவதும் சாணி மெழுகியதுபோல் ஆயிற்று. அடைமழையாக இருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்கும். தூறலுக்கு அந்தச் சக்தி இல்லை. நானா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தபடி ஒரு வளைவைத் திருப்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ கறுப்பாக அசைந்தது. "நானா!" என்று கத்தினேன். பிரேக்கில் ஏறி நின்றார். கார் வழுக்கிக்கொண்டே போய் மேட்டில் இடித்து நின்றது.

இறங்கி ஓடினோம். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண். முன்சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. விறகு சிதறிக் கிடந்தது. அவள் திட்டவில்லை, அழவில்லை. ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று அவளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நானா சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொரு விறகாகப் பொறுக்கிக் கட்டினார். கயிற்றில் முடிச்சு விழவில்லை. நான் கட்டிக் கொடுத்தேன். அவள் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள்.

கடைக்கு வந்ததும் நானா சாவியைப் பெட்டிக்குள் போட்டார். "வீராசாமிக்கிட்ட செல்லிருங்க தம்பி. இந்தக் கண்ணாடியோட நான் புள்ளகுட்டிகள ஏத்திட்டு இறம்பொடை மலை ஏற மாட்டேன். ஒரு உசிரு போனா அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் செல்றது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். மதினிதான், "குறுக்குப் பாதையில நடந்துருவோமா? செவ்வாக்கிழமையே பொறப்பட்டா?" என்றார். மழையில் அட்டைக்கடியோடு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டிப் போவது நடக்கிற காரியமில்லை என்று அவருக்கே தெரியும்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். புதன்கிழமை வரும், போகும். விசாரணை நின்றுவிடும். இந்த நாட்டில் நிற்க இடமில்லாத அண்ணன் என்னோடு கப்பலேறுவார். அம்மா கேட்டது நடந்துவிடும். இதை நான் நினைத்தேன், ஒருமுறை அல்ல.

உள்ளே விளக்கேற்றியிருந்தார்கள். பேச்சுக்குரல் கேட்டது. அண்ணன் மகள் ராசாத்தி விசாரணை அதிகாரியைப்போல் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு கேட்டாள்: "உங்கள் பெயர் என்ன?"

"வீராசாமிங்க."

"எந்த வருஷத்திலிருந்து இந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள்?"

அண்ணன் சொன்னார். வருஷத்தில் தடுமாறினார். "அப்பா, தப்பு. திரும்ப" என்றாள். அவர் திரும்பச் சொன்னார். பிறகு மதினியின் முறை. மதினி எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்து, கைகட்டிப் பதில் சொன்னார். நாளைக்கு மறுநாள் கார் வராது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நின்றுகொண்டு பதில் சொல்லிப் பழகினார்கள்.

நான் உள்ளே போனேன். "காலையில நானாகிட்டப் போறேண்ணே. அந்தத் தண்ணிச் சாமானைப் பார்க்கிறேன்."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதற்கு வந்தவன் என்பது அவருக்குத் தெரியும். "ஒனக்கு அது தெரியுமா?" என்றார்.

"அந்த மாதிரி ஒண்ணைக் கழட்டினதில்ல. தண்ணி எங்க நிக்குதுன்னு தேடிக்கிட்டே போனா கிடைச்சிரும்."

செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கினேன். அண்ணன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, கங்காணியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி வந்து கூட நின்றார்.

போத்தலில் தண்ணீர் இருந்தது. ஆகவே குறை அதில் இல்லை. டேஷ்போர்டில் இருந்த குமிழை இழுத்தேன். அதற்குப் பின்னால்தான் பம்ப். இழுக்கும்போது போத்தலிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டும். விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தள்ளி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு சின்ன மூக்குகள் வழியாகப் பீய்ச்ச வேண்டும். குமிழ் காற்றைப் பிடித்து இழுத்ததுபோல் இலேசாக வந்தது, இலேசாகவே திரும்பியது. வழியில் அடைப்பு இருந்தால் விறைக்கும். இது காற்றை உறிஞ்சுகிறது என்று தெரிந்தது. எங்கோ ஓட்டை.

போத்தலிலிருந்து போன குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். இன்ஜின் சூட்டில் வெந்து, மடிந்த இடத்தில் பாளம்பாளமாக வெடித்திருந்தது. மாற்றுக் குழாய்க்குக் கடைத்தெரு முழுக்க அலைந்தோம். சைக்கிள் வால்டியூப் மிக மெல்லிசு, மண்ணெண்ணெய் எடுக்கும் குழாய் மிகத் தடிப்பு. கடைசியில் தோட்டத்து மருந்துச்சாலைக்காரர் ஒரு ரப்பர் குழாய் கொடுத்தார். வயிற்றைக் கழுவ எனிமா கொடுப்பார்களே, அந்தக் குழாய். புதுசுதான் என்று சத்தியம் செய்தார். நானா தள்ளி நின்று, "தம்பி, அது எதுக்குன்னு ஊருக்குள்ள செல்லிறாதீங்க" என்றார். அன்று அண்ணன் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

இப்போது குமிழை இழுத்தால் பிடிமானம் தெரிந்தது. பம்ப்பிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி ஒரு தம்ளருக்குள் விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சொட்டியது. அடுத்த இழுப்பில் ஒன்றுமில்லை. ஏறிய தண்ணீர் திரும்பப் போத்தலுக்கே இறங்கிவிடுகிறது. குழாயின் அடிநுனியை வெளியே எடுத்தேன். அங்கே பித்தளையில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் மிளகளவு குண்டு. தண்ணீர் ஏறும்போது குண்டு எழும்பி வழிவிட வேண்டும், ஏறியபின் உட்கார்ந்து அடைக்க வேண்டும். பாசியிலும் களிம்பிலும் அது பாதியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டுக்கு ஓடிப் புளி கொண்டுவந்தார். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டு அவரே தேய்த்தார். குப்பியைக் காதருகே வைத்து ஆட்டினேன். குண்டு கலகலத்தது.

தம்ளரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. குழாயை மூக்குகளுக்குப் பூட்டினேன். இழுத்துவிட்டேன். குமிழ் வெளியே நின்றுகொண்டு திரும்ப மாட்டேன் என்றது. இப்போதுதான் அடைப்பு. மூக்கின் துளை தையல் ஊசி நுழையாத அளவு சின்னது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, ஒற்றை இழையை எடுத்துச் சுழற்றிச் சுழற்றிக் குத்தினேன். கறுப்பாக ஒரு துளி வந்தது. பிறகு சரட்டென்று ஒரு நீர்க்கம்பி எழுந்து கூரைக்கு மேலே போய், பின்னால் நின்றிருந்த நானாவின் தொப்பியில் விழுந்தது. மூக்கைத் திருகித் தாழ்த்தினேன். மறுபடி இழுத்தேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியின் நடுவில் தண்ணீர் விழுந்து வழிந்தது.

நானா ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் கண்ணாடியில் எறிந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தார். வைப்பரைப் போட்டார். சேறு கரைந்து, கண்ணாடிக்குள் அவர் முகம் தெளிந்து வந்தது. இறங்கி வந்து அண்ணனின் தோளைப் பிடித்தார். "காலையில சுபஹு தொழுதிட்டு வாறேன். புள்ளைங்க தயாரா இரிக்கட்டும்."

புதன்கிழமை விடியும்போதே புறப்பட்டோம். மதினி எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக் கட்டியிருந்தார். யாரும் சாப்பிடவில்லை. தவலந்தன்னையைத் தாண்டி இறம்பொடை ஏற்றத்தில் லாரிகள் எதிர்ப்பட்டன. மண் அப்ப அப்ப நானா குமிழை இழுத்தார். கண்ணாடி தெளிந்தது, மறுபடி மூடியது, மறுபடி தெளிந்தது. போத்தல் தீர்ந்தபோது ரோட்டோரப் பீலியில் நிரப்பினேன். மலையூற்றை மூங்கிலால் கட்டிவிட்ட அந்தத் தண்ணீர் விரலை மரக்கச் செய்தது. ஓரிடத்தில் வலதுமூக்கு மண்ணில் அடைத்துக்கொண்டது. கம்பி இழையை எடுத்துக்கொண்டு இறங்கிக் குத்திவிட்டு ஏறினேன்.

இந்தப் பாதையிலும் மண் சரிந்திருந்த ஓரிடத்தில் சங்கிலி போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். மேற்பார்வை செய்த சிங்களவரிடம் நானா இறங்கிப் போய்ப் பேசினார். பேசியதைப் பிறகு எனக்குச் சொன்னார். மத்தியானம்தான் விடுவோம் என்றாராம் அவர். விசாரணைக்குப் போகிற குடும்பம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நானா சொன்னாராம். அந்த மனிதர் காரருகே வந்து குனிந்து உள்ளே பார்த்தார். மதினி மடியில் பத்திரங்களைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போய்த் தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றினார். கார் பள்ளத்தின் ஓரமாக ஊர்ந்து தாண்டும்வரை முன்னால் நடந்து கைகாட்டினார்.

நுவரெலியாவில் கந்தோர் என்கிற ஆபீஸ் வாசலில் ஏற்கனவே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போல மலை மலையாக ஏறி இறங்கி வந்தவர்கள், நல்ல துணி உடுத்தி, குளிரில் ஒடுங்கி நின்றார்கள். சற்று நேரத்தில் அண்ணனின் பெயர் வந்தது. யாரும் தடுக்காததால் நானும் பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றேன்.

அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்டவர், உரக்கப் பேசாதவர். அவர் இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழை நான் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"நீர் எந்த வருசம் இஞ்சை வந்தனீர்?"

அண்ணன் தடுமாறாமல் சொன்னார். மதினியும் சொன்னார். ராசாத்தி கேட்ட கேள்விகளெல்லாம் வந்தன. அதற்குப் பிறகு, அவள் கேட்காத கேள்வி வந்தது.

"இந்தியாவிலை உமக்குக் காணி பூமி இருக்கே?"

"இருக்குங்க. அப்பா போயிட்டாரு. என் பங்கு பிரிக்காம கெடக்கு."

மொழிபெயர்ப்பாளர் அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"காணி அங்கை இருக்க, நீர் ஏன் இஞ்சை இருக்க வேணும் எண்டு துரை கேக்கிறார்."

"ரெண்டு புள்ளைங்களையும் இங்கதாங்க பெத்தோம்" என்றார் அண்ணன். "மூணாவதா ஒரு பையன். அவனையும் இங்கதான் பெத்தோம். நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். நாங்க இருக்கிற லயத்துக்கு மேல, தேயிலைக்குள்ள அவனைப் பொதைச்சிருக்கோம். அவனை விட்டுட்டு அவன் ஆத்தா வரமாட்டா. நானும் போகமாட்டேங்க."

மதினி தலைகுனிந்து நின்றார். எனக்கு இது தெரியாது. அப்படி ஒரு பையன் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார்.

"என் தம்பிங்க. என்னைக் கூட்டிட்டுப் போக ஊருலேர்ந்து வந்திருக்கான்" என்றார் அண்ணன். மறைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "அப்ப, தமையன் உம்மோடை வாறாரோ?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. முடியட்டும், பேசுவோம் என்றுதான் சொன்னார். ஆனால் இப்போது சொன்னாரே, அதற்குமேல் என்ன பேச்சு?

"அம்மா கூப்பிட்டாங்கன்னு வந்து கூப்பிட்டேங்க. அவரு வரல. இதுதான் அவரு ஊரு" என்றேன்.

அது இங்கிலீஷில் போயிற்று. அதிகாரி எழுதிக்கொண்டு, முடிவைப் பிறகு தெரிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு எழுதலன்னு கோவிச்சுக்காத தம்பி. பேரப்புள்ள பொறந்தான்னே நான் எழுதல. அவன் பொறந்ததுலேர்ந்தே சொகமில்ல. கொஞ்சம் தேறட்டும், எழுதுவோம்னு இருந்தேன்."

"பேரு என்னண்ணே?"

"அப்பா பேருதான்."

திரும்பும் வழியில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை எல்லாரும் தின்றோம். நானாவுக்கும் கொடுத்தோம். சாயங்காலம் வெயில் கொஞ்சம் தலைகாட்டியபோது அண்ணன் என்னை மேலே கூட்டிப் போனார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு சவுக்கு மரத்தடியில், கல் வைத்த சின்ன மேடு. மதினி பின்னால் வந்து, கைக்கு எட்டிய காட்டுப்பூக்களைப் பறித்து வைத்தார். நான் கும்பிட்டேன். கீழே ஆறு இரைவது கேட்டது. அண்ணனும் நானும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

ரோடு திறந்ததும் ஊருக்குத் திரும்பினேன். விசாரணை முடிவு வர வெகுகாலமாயிற்று. ஒரு போகம் அறுத்து மறு போகம் நட்ட பிறகுதான் அண்ணன் எழுதினார். நால்வரையும் பதிந்துகொண்டார்களாம்.

ஆனால் நான் வந்திறங்கிய அன்றே அம்மாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. அவள் வாசலில் நின்று எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. உள்ளே போய் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். மண்சரிவை, காரை, விசாரணையை, நான் சொன்ன பதிலை. கடைசியில் பையனைச் சொன்னேன். பெயரைச் சொன்னேன்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அவன் ஊருக்கு நான் போகணும்னா என்ன செய்யணும்?"

"ஒன்னால முடியாதும்மா. பாஸ்போர்ட் எடுக்கணும், விசா வாங்கணும். அம்மை ஊசி, காலரா ஊசின்னு கையில மாத்தி மாத்திக் குத்துவாங்க. காய்ச்சல் வரும்."

"குத்தட்டும்" என்றாள் அம்மா.